செனகலின் செங்கோர்: அரசியல் வாழ்க்கை குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லெயோபோல் செதார் செங்கோரைப் பற்றித் தமிழில் வந்தவற்றில் பெரும்பாலானவை அவருடைய கவிதையோடும் திராவிட ஆர்வத்தோடும் முடிந்துவிடுகின்றன. இருபது ஆண்டுகள் அவர் ஒரு நாட்டை ஆண்ட விதம் பற்றிப் பேச்சே வருவதில்லை. அந்த இருபது ஆண்டுகளையும் அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டு அரசியலையும் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். 1962 டிசம்பர் பற்றிய பதில் மற்றவற்றைவிட நீளம். அவரைப் புரிந்துகொள்ள அந்த ஒரு வாரம் அவசியம் என்பதால்தான் அப்படி.

செங்கோர் யார்?

மேற்கு ஆப்பிரிக்காவின் கடலோர நாடான செனகலின் முதல் குடியரசுத் தலைவர். 1960 செப்டம்பரில் பதவிக்கு வந்து 1980 டிசம்பர் 31 அன்று தானாகவே விலகினார். 1906இல், இன்றைய தலைநகர் டாக்கருக்குத் தெற்கே உள்ள ஜோவால் என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். செரெர் இனத்தவர், கத்தோலிக்கர். தந்தை வசதியான நிலக்கடலை வியாபாரி. 1928இல் பாரிசுக்குப் படிக்கப் போனார். அங்கே உடன் படித்த ஜார்ஜ் பொம்பிடூ பின்னாளில் பிரான்சின் குடியரசுத் தலைவரானார். இந்த நட்பு அரசியலிலும் தொடர்ந்தது. 1935இல் பிரெஞ்சு இலக்கணத்தில் மிக உயர்ந்த ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினார். அந்தத் தேர்வில் வென்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்தான். மார்த்தினிக் தீவைச் சேர்ந்த எமே செசேர் போன்றவர்களோடு சேர்ந்து, கறுப்பர்களின் பண்பாட்டைப் பெருமையோடு தூக்கிப் பிடித்த ‘நெக்ரித்யூத்’ இயக்கத்தை உருவாக்கினார்.

தமிழ்நாட்டில் இவர் பெயர் அடிபடுவது ஏன்?

திராவிட மொழிகளுக்கும் ஆப்பிரிக்க மொழிகளுக்கும் உறவு உண்டு என்று அவர் நம்பினார். 1974 மே மாதம் சென்னைக்கு வந்து, நெக்ரித்யூத்தையும் திராவிடப் பண்பாட்டையும் இணைத்துப் பேசினார். டாக்கர் பல்கலைக்கழகத்தில் இந்திய-ஆப்பிரிக்க ஆய்வுக்கு இடம் ஒதுக்கினார். தமிழறிஞர் க.ப. அறவாணன் அங்கே பணியாற்றியதும், கன்னட-துளு மொழியியலாளர் உ.பா. உபாத்யாயா அங்கே ஆய்வு செய்ததும் இந்த ஆர்வத்தால்தான். மொழி உறவு பற்றிய அந்தக் கருத்தை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனாலும் ஒரு நாட்டின் தலைவர் இவ்வளவு தூரத்திலிருந்து தமிழைத் தேடி வந்தது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தந்த செய்தி. அந்த மகிழ்ச்சியில் அவருடைய ஆட்சியை யாரும் கூர்ந்து பார்க்கவில்லை என்பது என் வருத்தம்.

இலக்கண ஆசிரியர் அரசியலுக்கு எப்படி வந்தார்?

போர் வழியாக. 1939இல் பிரெஞ்சுப் படையின் குடியேற்றக் காலாட்படையில் சேர்க்கப்பட்டார். 1940 ஜூனில் ஜெர்மானியர் கையில் சிக்கி ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் போர்க் கைதியாக இருந்தார். 1944 டிசம்பரில் டாக்கர் அருகே தியாரோய் முகாமில், பிரான்சுக்காகப் போரிட்டுவிட்டுத் திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் சம்பள பாக்கியைக் கேட்டதற்காகப் பிரெஞ்சுப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். செங்கோர் இதைப் பற்றிக் கோபமான கவிதை ஒன்றை எழுதினார்.

1945இல் பிரான்சின் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் வந்தது. செனகலின் மூத்த அரசியல்வாதி லமீன் கேய் தன்னோடு செங்கோரை நிறுத்தினார். அப்போது செனகலில் இரண்டு வகை மனிதர்கள் இருந்தார்கள். செயின்ட் லூயி, கோரே, ரூஃபிஸ்க், டாக்கர் ஆகிய நான்கு ஊர்களில் பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடிமக்கள். நாட்டுப்புறத்தில் இருந்த மற்ற எல்லோரும் வெறும் குடிகள், கட்டாய வேலைக்கு ஆளானவர்கள். குடிமக்களின் தொகுதி கேய்க்குப் போனது, நாட்டுப்புறத்தின் தொகுதி செங்கோருக்கு வந்தது. கிராமத்து மனிதர்களின் பிரதிநிதி என்ற அந்த இடத்தை அவர் கடைசி வரை விடவில்லை.

குருவையே எதிர்த்து நின்றாராமே?

ஆமாம். 1946இல் குடியேற்ற நாட்டு மக்கள் எல்லோருக்கும் குடியுரிமை தந்த சட்டம் கேய் பெயரில்தான் வந்தது. ஆனால் பிரெஞ்சு சோஷலிஸ்ட் கட்சியின் செனகல் கிளை நகரத்துப் பெரிய மனிதர்களின் கூடாரமாகவே தொடர்ந்தது. 1948இல் செங்கோர் அதிலிருந்து வெளியேறி, மமது தியா என்ற பள்ளி ஆசிரியரோடு சேர்ந்து செனகல் ஜனநாயக அணியைத் தொடங்கினார். இருவரும் ஊர் ஊராகப் போனார்கள். கடலை விவசாயிகள், தொழிற்சங்கத்தினர், சூஃபி ஷேக்குகள் என்று எல்லோரிடமும் பேசினார்கள். 1947 அக்டோபரில் தொடங்கி ஐந்து மாதத்துக்கு மேல் நடந்த டாக்கர்-நைஜர் ரயில்வே வேலைநிறுத்தத்தின் தலைவர் இப்ராஹிமா சாரும் இவர்கள் பக்கம் வந்தார். 1951 தேர்தலில் கேயின் கட்சி இரண்டு இடங்களையும் இழந்தது. சாரின் பெயரை நினைவில் வையுங்கள், பின்னால் திரும்ப வரும்.

முஸ்லிம்கள் மிகப் பெரும்பான்மையாக உள்ள நாட்டில் ஒரு கத்தோலிக்கர் எப்படி ஜெயித்தார்?

செனகல் மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முஸ்லிம்கள். பெரும்பாலோர் முரீது, திஜானிய்யா போன்ற தரீக்காக்களை, அதாவது ஷேக்குகள் வழிநடத்தும் சூஃபி அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். ஷேக் சொன்னால் முரீதுகள் கேட்பார்கள். கடலைச் சாகுபடியில் பெரும்பகுதி அந்த ஷேக்குகளின் செல்வாக்கில் இருந்தது. செங்கோர் இதை நன்றாகப் புரிந்துகொண்டார். முரீதுகளின் தலைமை கலீஃபா ஃபாலிலு எம்பாக்கேவோடு நெருக்கமாக இருந்தார். போட்டியாளர் லமீன் கேய் முஸ்லிம் என்பது தேர்தலில் கேய்க்கு உதவவே இல்லை.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலையும் உண்டு. ஷேக்குகளின் நிலத்தையும் வருமானத்தையும் தொடுகிற எந்தச் சீர்திருத்தமும் செங்கோருக்கு ஆபத்தாகிவிடும். 1962இல் அதுதான் நடந்தது.

அவர் சுதந்திரத்தை எதிர்த்தாரா?

எதிர்த்தார் என்று சொல்ல முடியாது. தள்ளிப்போட விரும்பினார். 1955-56இல் எட்கார் ஃபோர் தலைமையிலான பிரெஞ்சு அரசில் இணையமைச்சராகவே இருந்தவர் அவர். பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதும் ஒரே கூட்டாட்சியாக நின்று பிரான்சோடு சமமாகப் பேச வேண்டும் என்பது அவர் திட்டம். 1956இல் வந்த பிரெஞ்சுச் சட்டம் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக அதிகாரம் கொடுத்தபோது, ஆப்பிரிக்காவைத் துண்டு துண்டாக்குகிறார்கள் என்று எச்சரித்தார். அதில் அவர் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ஐவரி கோஸ்டின் ஊஃபுவே புவானி எதிர்ப்பக்கம் நின்றார், அவர் பக்கமே வென்றது.

1958 ஆகஸ்ட் 26 அன்று பிரான்சின் தலைவர் தெ கோல் டாக்கர் வந்தபோது, உடனே சுதந்திரம் வேண்டும் என்று எழுதிய அட்டைகளை இளைஞர்கள் ஏந்தி நின்றார்கள். அன்று செங்கோரும் ஊரில் இல்லை, தியாவும் இல்லை. பிரான்சோடு தொடர்ந்து சேர்ந்திருப்பதா என்று அடுத்த மாதம் நடந்த வாக்கெடுப்பில் கினி மட்டும் பிரான்சுக்கு ‘இல்லை’ என்றது. செனகலில் 97 சதவீதத்துக்கு மேல் ‘ஆம்’. தனக்கு ‘இல்லை’ என்று சொல்லவே விருப்பம் இருந்ததாகவும், செங்கோர்தான் இணங்க வைத்ததாகவும் தியா பின்னாளில் தன் நினைவுகளில் சொல்லியிருக்கிறார்.

மாலி கூட்டமைப்பு ஏன் உடைந்தது?

இன்றைய மாலியான பிரெஞ்சு சூடானும் செனகலும் சேர்ந்து மாலி கூட்டமைப்பாக 1960 ஜூன் 20 அன்று சுதந்திரம் பெற்றன. சரியாக இரண்டே மாதம்தான் நிலைத்தது. சூடான் தலைவர் மொதிபோ கெய்தாவுக்கு இறுக்கமான ஒற்றை அரசு வேண்டும், வேகமான சோஷலிசம் வேண்டும். செங்கோருக்குத் தளர்வான கூட்டாட்சியும் பிரான்சோடு நல்லுறவும் வேண்டும். கூட்டமைப்பின் தலைவர் நாற்காலி யாருக்கு என்பதில் பிணக்கு முற்றியது. ஆகஸ்ட் 19 இரவு கெய்தா நெருக்கடி நிலையை அறிவித்தார், பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த தியாவை நீக்கினார். செனகல் காவல் படை செங்கோர், தியா பக்கம் நின்றது. மறுநாள் செனகல் தனி நாடானது. கெய்தாவை ரயிலேற்றி சூடானின் தலைநகர் பமாக்கோவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அந்த இரவில் செங்கோரின் அரசியல் வாழ்வைக் காப்பாற்றியவர்களில் முதல் ஆள் மமது தியா.

1962 டிசம்பரில் என்னதான் நடந்தது?

புதிய நாட்டில் இரட்டைத் தலைமை இருந்தது. செங்கோர் குடியரசுத் தலைவர், நாட்டின் முகம். தியா பிரதமர், நிர்வாகம் முழுக்க அவர் கையில். இருவரும் பதினான்கு ஆண்டுகள் ஒன்றாக அரசியல் செய்தவர்கள். தொடக்கத்தில் இந்தப் பங்கீடு நன்றாகவே நடந்தது.

தியா சும்மா இருக்கிற ஆள் இல்லை. கடலை வியாபாரத்தை இடைத்தரகர்களிடமிருந்து எடுத்துக் கூட்டுறவுகளிடம் கொடுக்க முனைந்தார். பிரெஞ்சுப் பாதிரியாரும் பொருளியலாளருமான லெப்ரேயின் உதவியோடு ஊரக வளர்ச்சித் திட்டம் வகுத்தார். அரசு வங்கிக் கடனைத் திருப்பாத பெரிய மனிதர்களைக் கேள்வி கேட்டார். 1962 டிசம்பர் 8 அன்று டாக்கரில் பேசும்போது, ஆப்பிரிக்க சோஷலிசத்துக்குக் குடியேற்றக் காலத்துப் பொருளாதாரத்தை விட்டு முழுதாக விலக வேண்டும் என்றார். பிரெஞ்சு வணிக நிறுவனங்கள், உள்ளூர் வியாபாரிகள், கடலையில் வாழ்ந்த ஷேக்குகள், சலுகைகளுக்குப் பழகிய சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் கலக்கம் வந்தது.

ஒரு வாரத்துக்குள் அவைக்கு நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. கொண்டுவந்தவர்கள் எதிர்க்கட்சியினர் அல்லர், தியாவின் சொந்தக் கட்சியினர். கட்சிதான் முதலில் இதைப் பேச வேண்டும், கட்சிக் குழு கூடும்வரை பொறுங்கள் என்று தியா கேட்டார். அவர்கள் கேட்கவில்லை. டிசம்பர் 17 அன்று தியா காவல் படையை அனுப்பி அவையைக் காலி செய்யச் சொன்னார். சில உறுப்பினர்களைக் கைதும் செய்தார்கள். மற்றவர்கள் அவைத் தலைவர் லமீன் கேய் வீட்டில் கூடித் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். ஆம், 1951இல் இவர்கள் தோற்கடித்த அதே கேய். படையின் பாராசூட் பிரிவு செங்கோர் பக்கம் வந்தது. டிசம்பர் 18 அன்று தியாவும் நான்கு அமைச்சர்களும் கைது செய்யப்பட்டார்கள். அந்த நால்வரில் ஒருவர் ரயில்வே வேலைநிறுத்தத் தலைவர் இப்ராஹிமா சார்.

தியா உண்மையிலேயே ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்றாரா?

அரசின் குற்றச்சாட்டு அதுதான். அவைக்குள் காவல் படையை அனுப்பியது பெரிய தவறு, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் நிர்வாகம் முழுவதும் ஏற்கெனவே தன் கையில் இருந்த ஒரு பிரதமர் எதைக் கவிழ்க்கப் பார்த்தார் என்ற கேள்விக்கு இன்று வரை நல்ல பதில் கிடையாது. அவர் வானொலியைக் கைப்பற்றி ஆட்சி அறிவிக்கவில்லை. செங்கோர் மீது கை வைக்கவில்லை.

1963 மே மாதம் சிறப்பு நீதிமன்றம் ஒன்று விசாரித்தது. அதில் நீதிபதிகளாக உட்கார்ந்தவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள். தியாவுக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்த தரப்பே தீர்ப்பும் சொன்னது. மேல்முறையீட்டுக்கு வழியில்லை. தியாவுக்கு ஆயுள் தண்டனை. வல்தியோதியோ இந்தியாய், சார், ஜோசப் எம்பாய் மூவருக்கும் இருபது ஆண்டுகள், அலியூன் தாலுக்கு ஐந்து ஆண்டுகள். நாட்டின் தென்கிழக்கு மூலையில், வெயில் கொளுத்தும் கெதுகு என்ற ஊரில் அடைத்து வைத்தார்கள். தியா 1974இல்தான் வெளியே வந்தார். கைதான நாளிலிருந்து கணக்கிட்டால் பதினோரு ஆண்டுகளுக்கு மேல். 1976இல் பொது மன்னிப்பு வந்தது.

செங்கோரைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தப் பதினோரு ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. இருபது ஆண்டு ஆட்சிக்கு அடித்தளம் போட்டதே இந்த வழக்குதான்.

அதன் பிறகு அவர் எப்படி ஆண்டார்?

1963 மார்ச்சில் புதிய அரசியலமைப்பு வந்தது. பிரதமர் பதவியே ஒழிந்து அதிகாரம் எல்லாம் குடியரசுத் தலைவரிடம் குவிந்தது. அந்த ஆண்டு டிசம்பர் தேர்தலில் எதிர்த்து ஊர்வலம் போனவர்கள் மீது சுட்டதில் பலர் இறந்தார்கள். 1966க்குள் எதிர்க்கட்சிகள் தடை செய்யப்பட்டோ ஆளுங்கட்சியில் கரைந்தோ போயின. 1963, 1968, 1973 என்று மூன்று தேர்தல்களிலும் வேட்பாளர் செங்கோர் ஒருவர்தான்.

1967 மார்ச்சில், அங்கே தபாஸ்கி என்று சொல்லப்படும் ஹஜ்ஜுப் பெருநாள் அன்று, டாக்கர் பெரிய பள்ளிவாசலில் முஸ்தஃபா லோ என்பவர் துப்பாக்கியோடு அவரை நெருங்கினார். செங்கோருக்குக் காயமில்லை. லோவுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. மன்னிக்கும் அதிகாரம் செங்கோரிடம் இருந்தது, அவர் மன்னிக்கவில்லை.

1968 மேயில் டாக்கர் பல்கலைக்கழக மாணவர்கள் உதவித்தொகைக் குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது வளாகத்துக்குள் காவல் படை புகுந்தது. தொழிற்சங்கங்களும் சேர்ந்துகொண்டன. தலைவர்களைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அப்புறம் பேச்சு நடத்திச் சம்பளத்தையும் உயர்த்தினார்கள். அடிப்பதும் பிறகு விட்டுக்கொடுப்பதும் செங்கோரின் வழக்கமான முறை. 1970இல் பிரதமர் பதவியைத் திரும்பக் கொண்டுவந்து அப்து தியூஃப் என்ற இளம் அதிகாரியை அதில் அமர்த்தினார்.

இந்தக் காலத்தின் மிகக் கசப்பான பெயர் ஒமர் புளோந்தின் தியோப். பாரிசில் படித்த இடதுசாரி இளைஞர். பொம்பிடூவின் 1971 டாக்கர் பயணத்தின்போது நடந்த எதிர்ப்புகளுக்காக அவருடைய சகோதரர்கள் உள்ளிட்டோர் கைதானார்கள். அவர்களை விடுவிக்கத் திட்டமிட்டதாக இவரை மாலியில் பிடித்து ஒப்படைத்தார்கள். 1973 மே 11 அன்று கோரே தீவுச் சிறையில் இறந்தார், வயது 26. தூக்குப் போட்டுக்கொண்டார் என்றது அரசு. அடித்துக் கொன்றார்கள் என்கிறது குடும்பம், இன்றும் நீதி கேட்டு நிற்கிறது.

வரலாற்றாளர் ஷேக் அந்தா தியோப்பையும் சொல்ல வேண்டும். பண்டைய எகிப்து கறுப்பர்களின் நாகரிகம் என்று வாதிட்ட பேரறிஞர். செங்கோரின் ஆட்சி முழுவதும் அவருடைய கட்சிகளுக்குத் தடை, பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த வழியில்லை. கறுப்பர் பண்பாட்டின் பெருமையை உலகெங்கும் பேசிய தலைவரின் நாட்டில் இது நடந்தது. இன்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தியோப்பின் பெயர்தான்.

நல்லது எதுவும் செய்யவில்லையா?

செய்தார். 1966 ஏப்ரலில் டாக்கரில் நடந்த முதலாவது உலகக் கறுப்பர் கலை விழா ஆப்பிரிக்கக் கலைஞர்களுக்கு ஒரு திருப்புமுனை. தானியேல் சொரானோ நாடக அரங்கம், தியேஸ் நகரின் திரைச்சீலை நெசவுக்கூடம், ஓவியப் பள்ளி எல்லாம் அவர் எழுப்பியவை. தேசிய கீதத்தின் வரிகளும் அவருடையவை. மத மோதல் இல்லாத நாடாகச் செனகல் இருப்பதில் அவர் பங்கு உண்டு.

பொருளாதாரம் வேறு கதை. நாடு கடலையை நம்பியே இருந்தது. பிரான்ஸ் கொடுத்துவந்த விலை ஆதரவு 1960களின் பிற்பகுதியில் நின்றது, கூடவே வறட்சியும் பிடித்துக்கொண்டது. கடலை வாங்கும் அரசு நிறுவனம் ஊழலிலும் கடனிலும் மூழ்கி 1980இல் கலைக்கப்பட்டது. தியாவின் கூட்டுறவுத் திட்டம் நடந்திருந்தால் விவசாயி நிலை எப்படி இருந்திருக்கும் என்று செனகலில் இன்றும் கேட்கிறார்கள்.

பல கட்சி முறையை அவரே கொண்டுவந்தார் என்பது உண்மையா?

பாதி உண்மை. 1974இல் வழக்கறிஞர் அப்துலாயே வாத் கட்சி தொடங்க அனுமதி கேட்டார், செங்கோர் தந்தார். 1976இல் சட்டம் திருத்தி மூன்று கட்சிகளுக்கு இடம் என்றார்கள். மூன்றின் கொள்கையையும் சட்டமே வகுத்தது. ஒன்று தாராளவாதம், ஒன்று ஜனநாயக சோஷலிசம், ஒன்று மார்க்சியம். நடு இடத்தைத் தன் கட்சிக்கு வைத்துக்கொண்டார். ஷேக் அந்தா தியோப்பின் கட்சிக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை. 1978 தேர்தலில் செங்கோர் சுமார் 82 சதவீத வாக்கு வாங்கினார், மீதி வாத்துக்குப் போனது. ஆனாலும் அன்றைய ஆப்பிரிக்காவில் ஒரு எதிர்க்கட்சித் தலைவர் வெளிப்படையாகப் பேசி அவையில் உட்கார்ந்தது சாதாரண விஷயம் அல்ல. அந்த வாத் 2000இல் வாக்குப்பெட்டி வழியாகவே குடியரசுத் தலைவரானார்.

பதவியை விட்டது ஏன்?

வயது 74. கடலைப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்தது. எழுதவும் ஆசை இருந்தது. பதவிக்காலம் முடிய இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே கிளம்பினார். சுதந்திர ஆப்பிரிக்காவில் யாரும் துரத்தாமல் இப்படி விலகிய தலைவர்கள் அதுவரை அரிதினும் அரிது. அவருடைய பெருமை இது, மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த கைமாற்றம் அல்ல அது. தலைவர் விலகினால் பிரதமரே மீதிக் காலத்துக்குத் தலைவர் என்று முன்கூட்டியே அரசியலமைப்பைத் திருத்தியிருந்தார். 1981 ஜனவரி 1 அன்று அப்து தியூஃப் பதவியேற்றார். தியூஃப் வந்ததும் கட்சிகளுக்கு இருந்த எண்ணிக்கை வரம்பை நீக்கினார்.

செனகலில் ராணுவ ஆட்சி வராமல் போனதற்கு அவர்தான் காரணமா?

ஒரு காரணம். ஷேக்குகள், கட்சி, அதிகாரிகள், பிரெஞ்சுப் படைத்தளம் என்று பல தூண்கள் சேர்ந்து தாங்கின. 1968இல் தலைநகரே கொந்தளித்தபோதும் ராணுவம் தானாக ஆட்சியை எடுக்கவில்லை. அதில் தளபதி ழான் அல்ஃப்ரெட் தியாலோவுக்கும் பங்கு உண்டு.

கடைசிக் காலம் எப்படிப் போனது?

பிரெஞ்சு மனைவியின் ஊரான நார்மண்டியின் வெர்சோனில் வாழ்ந்தார். 1983இல் பிரெஞ்சு அகாதமிக்குத் தேர்வான முதல் ஆப்பிரிக்கர் ஆனார். 2001 டிசம்பர் 20 அன்று காலமானார், வயது 95. டாக்கரில் நடந்த இறுதிச் சடங்குக்குப் பிரான்சின் குடியரசுத் தலைவர் சிராக்கும் வரவில்லை, பிரதமர் ஜோஸ்பானும் வரவில்லை. பிரான்சிலேயே பலர் இதற்கு வெட்கப்பட்டு எழுதினார்கள்.

தியா என்ன ஆனார்?

சிறையிலிருந்து வந்த பிறகும் எழுதினார், பேசினார், ஆட்சியாளர்களைத் தொடர்ந்து விமர்சித்தார். தன் வழக்கு பொய் என்று கடைசி வரை சொன்னார். 2009 ஜனவரியில் 98 வயதில் இறந்தார். டாக்கரின் அரசு நிர்வாகக் கட்டடத்துக்குப் பின்னர் அவர் பெயரை வைத்தார்கள். 2025இல் தலைநகரின் தெ கோல் பெருஞ்சாலைக்கும் அவர் பெயர் சூட்டப்பட்டது. செங்கோர் பெயரில் விளையாட்டரங்கம் உண்டு, பழைய விமான நிலையமும் உண்டு. 1963 தீர்ப்பு மட்டும் சட்டப்படி ரத்து செய்யப்படாமலே இருக்கிறது.